மேற்பார்வைக் கையெழுத்து

கேரனைப் பற்றி யாராவது கேட்டால் முதலில் அவளுடைய கோபத்தைத்தான் சொல்வேன். மலேசியாவில் ஈப்போவுக்குப் பக்கத்தில், சிம்பாங் பூலாய் கடைவரிசையில், என் வீட்டுக்காரர் அபுபக்கரின் சாப்பாட்டுக் கடையை ஒட்டினாற்போல் இருக்கிறது அவளுடைய பிசியோதெரபி நிலையம். ஆறு வருடமாக அதன் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவள் நான், பல்கீஸ். துண்டு சரியாக மடிக்கவில்லையென்றால் கேரன் கத்தமாட்டாள். அவளே எடுத்துப் பிரித்து மறுபடி மடிப்பாள். அந்த மடிப்பிலேயே நமக்கு ஏச்சு கிடைத்துவிடும்.

சுங்காய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா ஆம்புரோஸ் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக் காயத்துக்குக் கட்டுப்போடும் டிரஸ்ஸர். இவளுக்குப் பதின்மூன்று வயதானபோது இறந்துபோனார். படித்து, அரசாங்க மருத்துவமனையில் பத்து வருடம் வேலை பார்த்து, பிறகு இந்த இடத்தைப் பிடித்தாள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "நேரம் இல்லக்கா" என்றாள், ஏதோ பல் டாக்டரிடம் போக நேரமில்லை என்பது போல. அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

பதிவு செய்தவர்கள் மட்டுமே பிசியோதெரபிஸ்ட் என்று பெயர் போட்டுத் தொழில் செய்யலாம் என்று நாட்டில் சட்டம் நடைமுறைக்கு வந்ததும், பலர் முணுமுணுத்தார்கள். கேரன் சந்தோஷப்பட்டாள். தன் சான்றிதழைக் கண்ணாடி போட்டு என் தலைக்கு மேல் மாட்டினாள். எங்களுக்கென்று விதிகளும் எழுதினாள். புதிதாக வருபவரை முதலில் அவள்தான் பரிசோதிப்பாள். என்ன பயிற்சி, எவ்வளவு என்று அவள்தான் கார்டில் எழுதுவாள். உதவியாளர் அதை மட்டும் செய்ய வேண்டும். கூட்டவோ குறைக்கவோ கூடாது. கார்டின் அடியில் 'மேற்பார்வை' என்று ஒரு கட்டம். செய்ததை நேரில் பார்த்த பிறகுதான் அதில் கையெழுத்து. "கை உங்களோடது, பதில் சொல்ல வேண்டிய வாய் என்னோடது" என்பாள்.

உதவியாளர்கள் இரண்டு பேர். சின்னவள் ரஸ்னா. அவள் ஒரு நோயாளியின் முழங்காலைத் தொட்டால் போதும், கேரன் தோள்பக்கத்தில் வந்து நின்றுவிடுவாள். "எங்க புடிக்கற? கார்டப் படிச்சியா?" என்று ஏச்சு விழும். ரஸ்னா இரண்டு தடவை கழிவறைக்குள் போய் அழுதிருக்கிறாள்.

இன்னொருவர் கனகராஜ் அண்ணன். அவருக்கு அறுபத்தொன்று. ஆம்புரோஸுக்குக் கீழே தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலை செய்தவர். பிறகு ஈப்போவில் ஒரு மறுவாழ்வு மையத்தில் உதவியாளராக இருந்துவிட்டு, மூன்று வருடத்துக்கு முன் எங்களிடம் வந்தார். ஆம்புரோஸ் இறந்தபின் நான்கு வருடம், மழையானாலும் வெயிலானாலும், கேரனைத் தன் மோட்டார் சைக்கிளில் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டவர் அவர்தான். எங்கள் நிலையத்துக்குள் அவர் அவளை 'மிஸ்' என்றுதான் கூப்பிடுவார். வாசலைத் தாண்டினால் 'பாப்பா'.

அந்த மனிதருக்குப் பின்னால் போய் நின்று எப்படிக் கண்காணிப்பது? கேரனால் முடியவில்லை. கனகராஜ் அண்ணன் திரைக்குள் நோயாளியோடு இருந்தால் இவள் அந்தப் பக்கமே போகமாட்டாள். "அண்ணே செஞ்சா சரியாத்தான் இருக்கும்" என்பாள். அவருடைய கார்டுகளைக் காலை ஒன்பது மணிக்கே நான் அடுக்கி வைப்பேன். முதல் நோயாளி வருவதற்கு முன்பே எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டுவிடுவாள். பேனாவை எடுத்துக் கொடுப்பவள் நான். தப்பென்று எனக்கும் தெரியும். ஆனால் மரியாதை என்ற பெயரில் ஒரு தப்பு நடக்கும்போது அதைத் தப்பென்று சொல்ல நம் ஆட்களுக்கு வாய் வராது. எனக்கும் வரவில்லை.

மூன்று வருடம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு அப்பாவு வந்தார்.

காம்பாரில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். இடுப்பு மூட்டு மாற்றி ஏழு வாரம். இடுப்பை ரொம்ப மடக்கக் கூடாது, தாழ்ந்த இடத்தில் உட்காரக் கூடாது என்று கேரன் அவர் கார்டில் சிவப்பு மையில் எழுதியிருந்தாள். ஆனால் அப்பாவு வீட்டில் இருப்பது குந்தி உட்காரும் கழிவறை. அறையில் சட்டி வைத்து, அதை மருமகள் எடுத்துக் கொட்டுகிறாள். அந்த மனிதர் கூனிக் குறுகிப் போயிருக்கிறார். கேரன் பெண்பிள்ளை, அவளிடம் எப்படிச் சொல்வது? கனகராஜ் அண்ணனிடம் காதோடு காதாகச் சொல்லியிருக்கிறார்.

"தண்டாஸ்ல குந்த மட்டும் பழக்கி விட்டுடுங்க அண்ணே. வேற ஒன்னும் வேணாம்."

கனகராஜ் அண்ணனும் அதைக் கேரனிடம் கொண்டுபோகவில்லை. மோட்டார் சைக்கிளில் ஏற்றிப்போன பிள்ளையிடம் கழிவறைப் பேச்சு பேச அவருக்குக் கூச்சம். கம்பியைப் பிடிக்கச் சொல்லி, அப்பாவுவை மெல்ல மெல்லத் தாழ இறக்கியிருக்கிறார். பத்தடி தள்ளி, ஒரு திரைக்கு அந்தப் பக்கம், கேரன் ரஸ்னாவை ஏசிக்கொண்டிருந்தாள். அப்பாவு போட்ட சத்தம் பக்கத்துக் கடை வரைக்கும் கேட்டது.

மூட்டு நழுவிவிட்டது. மருத்துவமனையில் மயக்க மருந்து கொடுத்துத் திரும்பப் பொருத்தினார்கள். மறுபடி கத்தி வைக்கத் தேவைப்படவில்லை. அவர் மகன் கோகிலன், எங்கள் தொழிலுக்குப் பதிவு கொடுக்கிற மன்றத்துக்குப் புகார் எழுதினான். அவனை நான் குறை சொல்லமாட்டேன். என் வாப்பாவுக்கு நடந்திருந்தால் நான் எழுதுவதோடு நின்றிருக்கமாட்டேன். சில வாரத்தில் கடிதம் வந்தது. கார்டின் நகலோடு விளக்கம் கொடுக்க வேண்டும். விளக்கம் சரியில்லையென்றால் கேரனின் பதிவே போகலாம். பதிவு போனால் வாசலில் இருக்கும் பெயர்ப்பலகை போகும், எங்கள் நான்கு பேருக்கும் வேலை போகும்.

அன்று மத்தியானமே கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தோம். அப்பாவுவின் கார்டு மேசையில் இருந்தது. மேற்பார்வைக் கட்டத்தில் கேரனின் கையெழுத்து அழகாக இருந்தது.

கனகராஜ் அண்ணன்தான் முதலில் பேசினார். "எழுது பாப்பா. நீ பக்கத்துல நின்னு சொல்லிக் குடுத்திட்டு அந்தாண்ட போனதும், நான் மீறிச் செஞ்சேன்னு எழுது. மீறினது பொய்யில்லையே. என்கிட்ட என்ன சர்டிபிகேட்டா இருக்கு, போறதுக்கு?"

நிலையத்துக்குள் அவர் 'பாப்பா' என்று சொல்லி அன்றுதான் கேட்டேன்.

"அண்ணே சொல்றது சரிதான்லா" என்றேன் நானும்.

"நான் கையெழுத்துப் போட்டது ஒன்பது மணிக்கு" என்றாள் கேரன். "அவரு வந்தது பத்தரைக்கு."

"கார்டுல மணி இல்லலா கேரன்" என்றேன்.

எனக்குத் தெரியும். அந்தக் கார்டை அச்சடிக்கக் கொடுத்தவளே நான்தான். கேரன் என்னை நிமிர்ந்து பார்த்தாள். துண்டை மறுபடி மடிக்கும்போது பார்ப்பாளே, அதே பார்வை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவள் சொல்லச் சொல்ல, அவளுடைய விளக்கத்தை நான் தட்டச்சு செய்தேன்: என் திட்டத்தில் இல்லாததைக் கனகராஜ் செய்தார். அதைத் தடுக்க நான் அங்கே இல்லை. இருந்திருக்க வேண்டியவள் நான். கையெழுத்து முன்கூட்டியே போட்டது. அவருடைய கார்டுகள் மூன்று வருடமாக எல்லாமே அப்படித்தான்.

கடைசி வரியில் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அவங்க கேட்டது ஒரு கார்டு. மூனு வருஷத்த எதுக்கு இழுக்கற?"

"ஒரு நாள் தப்புன்னு எழுதினா அண்ணே மேல போகும். தெனமும் இப்படித்தான்னு எழுதினாத்தான் என் தப்புன்னு தெரியும். அடிங்கக்கா."

அடித்தேன். கனகராஜ் அண்ணன் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். முதுகு மட்டும் தெரிந்தது. அழுதாரோ என்னவோ, நான் அழுதேன்.

மன்றத்திலிருந்து ஒருமுறை கூப்பிட்டு விசாரித்தார்கள். முடிவு இன்னும் வரவில்லை. சான்றிதழ் இப்போதைக்கு என் தலைக்கு மேல்தான் இருக்கிறது. தினமும் காலையில் அதைத் தூசி தட்டுகிறேன்.

இதற்கிடையில் கேரன் காம்பாருக்குப் போனாள். அப்பாவுவின் கழிவறைக்குள்ளேயே போய் நின்று, "ஐயா, எங்கிட்ட சொல்ல வெக்கப்படாதீங்க, இதுவும் என் வேலைதான்" என்று சொல்லி, குந்தும் இடத்துக்கு மேலே வைக்கிற மாதிரி உயரமான நாற்காலி ஒன்றுக்கு ஏற்பாடு செய்தாள். இரண்டு மாதம் கழித்து அப்பாவு எங்களிடமே திரும்பி வந்தார். கூடவே கோகிலன், கையைக் கட்டிக்கொண்டு.

"கனகராஜே செய்யட்டும்" என்றார் அப்பாவு. "அந்த ஆளு பாவம்."

கேரன் ஒரு முக்காலியை இழுத்துக் கனகராஜ் அண்ணனுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். திரையை மூடவில்லை. உயரமான நாற்காலியிலிருந்து எழுந்து நிற்கிற பயிற்சி. கனகராஜ் அண்ணன் அப்பாவுவைப் பிடித்தார்.

"அண்ணே, நிறுத்துங்க" என்றாள் கேரன். "கை அங்க இல்ல. இன்னும் கீழ, இடுப்புக்குக் கிட்ட."

எனக்குத் திக்கென்றது. வயதான மனிதரை, அதுவும் வெளியாள் முன்னால். கனகராஜ் அண்ணன் கையை இறக்கிப் பிடித்தார். "சரி மிஸ்" என்றார்.

அரை மணி நேரத்தில் நான்கு தடவை திருத்தினாள். நான்கு தடவையும் "சரி மிஸ்".

எல்லாம் முடிந்து அப்பாவுவும் மகனும் போனபின் கனகராஜ் அண்ணன் கார்டை எடுத்துக்கொண்டு வந்தார். கேரன் அவர் முகத்தைப் பார்க்காமல், "அண்ணே, உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னுதான் இத்தன நாளா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

"சங்கடந்தான்" என்றார் அவர். "ஆனா நீங்க ரஸ்னாவ ஏசறப்பல்லாம் அந்தப் பக்கம் நின்னு கேட்டுக்கிட்டு இருப்பேன் மிஸ். எனக்கு அப்படிச் சொல்ல ஆள் இல்லயேன்னு இருக்கும். மூனு வருஷமா நான் செய்யறது சரியா தப்பான்னு தெரியாமலே செஞ்சிக்கிட்டு இருந்தேன்."

கேரன் கார்டை வாங்கிக்கொண்டாள். சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்து, கட்டத்தின் ஓரத்தில் மணியை எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.