மெடிக்கல் போனவள் விட்ட இடம்

நான் பயோகெமிஸ்ட்ரி படித்தது, வேறொருத்திக்கு மெடிக்கல் சீட் கிடைத்ததால். அவள் யார், எப்படி இருப்பாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். அவளுக்கு அந்த இடம் கிடைக்காமல் போயிருந்தால் அந்த வருஷம் தை மாதமே எனக்குக் கல்யாணமாகி, சென்னையில் யார் வீட்டு அடுக்களையிலோ புளி கரைத்துக்கொண்டிருப்பேன். புளி கரைப்பது ஒன்றும் பாவமில்லை, இப்போதும் தினமும் கரைக்கிறேன். ஆனால் அன்றைக்கு எனக்குப் பதினேழு வயது. படிக்க வேண்டும் என்ற வெறியைத் தவிர வேறு எதுவும் தலையில் இல்லை.

எண்பதுகளின் தொடக்கம். ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் குடியிருந்தோம். அப்பாவுக்குத் திருச்சியில் ஓர் ஆபீசில் குமாஸ்தா வேலை. பெருமாளைச் சேவிக்காமல் ஒருநாள்கூட பஸ் ஏறமாட்டார். பிளஸ் டூவில் எனக்கு நல்ல மார்க் வந்தது. மெடிக்கலுக்கு விண்ணப்பம் போட்டோம். என்னோடு படித்தவர்கள் எல்லாரும் கையோடு நாலைந்து காலேஜுக்கும் போட்டு வைத்தார்கள். நானும் போடலாமா என்று அப்பாவிடம் கேட்டேன்.

"பிரம்மாஸ்திரத்தாலே கட்டினவனை அதுக்கு மேலே சணல் கயித்தாலேயும் கட்டினா என்ன ஆகும்? அஸ்திரம் கோச்சுண்டு கழண்டுடும். பெருமாள்கிட்ட பாரத்தைப் போட்டாச்சு. இன்னொரு இடத்துல அப்ளிகேஷன் போட்டா, அவர்மேல நம்பிக்கை இல்லைன்னு அர்த்தம்" என்றார்.

எங்கள் வீடுகளில் சரணாகதியைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் சொல்லும் அனுமார் கதைதான் அது. பெரியவர்கள் மோட்சத்துக்குச் சொன்னதை என் அப்பா காலேஜ் அட்மிஷனுக்குச் சொன்னார். உலகத்தில் வேறு எந்த ஊரிலும் ஒரு பெண்ணின் படிப்பு இந்தக் காரணத்துக்காக அந்தரத்தில் தொங்கியிருக்காது என்று நினைக்கிறேன். நானும் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

மெடிக்கல் லிஸ்ட் வந்தது. அதில் நான் இல்லை. அதற்குள் காலேஜுகள் எல்லாம் திறந்து பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டார்கள். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையாகிவிட்டது என் கதை. இந்தச் சமயம் பார்த்து, சென்னையிலிருந்த அத்தை ஒரு ஜாதகத்தை அனுப்பி வைத்தாள். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிற பெண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாய் என்று அப்பாவைக் கேட்டிருந்தாள். அப்பா என்னிடம், "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்றார். எங்கள் தெருவில் அடுத்த வருஷம் என்று சொல்லப்பட்ட எந்தப் பெண்ணும் அதற்குப் பிறகு காலேஜுக்குப் போய் நான் பார்த்ததில்லை. இரண்டு நாள் அழுதேன்.

அம்மா எட்டாவதுவரை படித்தவள். என்னைச் சமாதானப்படுத்தவில்லை. மாடியில் குடியிருந்த ஸ்கூல் டீச்சரிடம் போய், இனிமேல் எங்கேயாவது இடம் கிடைக்குமா என்று கேட்டாள்.

"இப்பதாம்மா கிடைக்கும். மெடிக்கல் லிஸ்ட் வந்தா ஒவ்வொரு காலேஜ்லயும் ரெண்டு மூணு பொண்ணுங்க டி.சி. வாங்கிட்டுப் போயிடுவாங்க. அந்த இடம் ஒரு நாள் ரெண்டு நாள்தான் காலியா இருக்கும். நிக்காதீங்க, உடனே போங்க" என்றார் டீச்சர்.

அப்பா ஆபீஸ் போயிருந்தார். அம்மா மடிசாரோடேயே என்னை இழுத்துக்கொண்டு ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினாள். திருச்சியில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு பெண்கள் காலேஜில் போய் நின்றோம். முதல்வரின் அறைக்கு வெளியே வராந்தாவில் ஏகப்பட்ட பேர். மாதா படத்துக்கு நேர் கீழே ஒரு பெஞ்சு மட்டும் காலியாக இருந்தது. அம்மா அதில் போய், தன் வீட்டுக் கூடம் மாதிரி சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

எங்கள் முறை வந்தது. முதல்வர் சிஸ்டர் மார்க் ஷீட்டைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு மார்க் வாங்கிட்டு ஏம்மா இத்தனை லேட்டு?" என்று கேட்டார். பிரம்மாஸ்திரத்தை அவருக்கு எப்படி விளக்குவது? அம்மா, "எங்காத்துல கொஞ்சம் தாமசம் ஆயிடுத்து" என்று மட்டும் சொன்னாள்.

"ஹிஸ்டரில ஒரு இடம் இருக்கு. பயோகெமிஸ்ட்ரில நேத்துதான் ஒரு பொண்ணு மெடிக்கல் கிடைச்சுப் போச்சு, அது ஒண்ணு இருக்கு. ரெண்டுல எது வேணும்?"

"அந்த ரெண்டாவது சொன்னேளே, அது என்னது?" என்றாள் அம்மா.

"உடம்புக்குள்ள நடக்கிற கெமிஸ்ட்ரிம்மா. புதுசா வந்த படிப்பு." சிஸ்டர் அம்மாவின் மடிசாரை ஒருமுறை பார்த்தார். "ஆனா முன்னாடியே சொல்லிடறேன். லேப்ல கோழிமுட்டை உடைக்கணும். ஆட்டு ஈரல் நறுக்கணும். ரத்தம், மூத்திரம் எல்லாம் கையாளணும். போன வருஷம் உங்க ஊர்ப் பொண்ணு ஒண்ணு சேர்ந்து, மூணாவது வாரமே அழுதுகிட்டு நின்னுடுச்சு. அந்த இடம் வீணாத்தான் கிடக்கு."

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "அதெல்லாம் சாப்பிடச் சொல்லுவேளா?"

சிஸ்டர் சிரித்துவிட்டார். "ஐயோ, இல்லம்மா."

"அப்படின்னா தொட்டா குளிச்சுட்டாப் போறது" என்றாள் அம்மா. பிறகு என் பக்கம் திரும்பி, "நீ சொல்லுடீ. படிக்கப்போறது நீதானே" என்றாள்.

அதுவரை என் வாழ்க்கையில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. ஹிஸ்டரி என்று சொன்னால் வீட்டில் ஒரு சண்டையும் வராது. அப்பா சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுவார். கோழிமுட்டையை நான் டீக்கடைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான் பார்த்திருக்கிறேன். ஈரல் எந்த நிறத்தில் இருக்கும் என்பதுகூடத் தெரியாது. ஆனால் டாக்டர் ஆக முடியாவிட்டாலும், உடம்பைப் பற்றித் தெரிந்தவர்கள் பக்கத்தில் ஓர் ஓரமாகவாவது நின்றுகொள்ளலாம் என்று தோன்றியது. "பயோகெமிஸ்ட்ரி" என்றேன். சிஸ்டர் காதில் விழவில்லையோ என்று இன்னொரு தரம் சொன்னேன்.

"நாளைக்குக் காலையில அப்பாவைக் கூட்டிட்டு வாங்க. அதுக்கு மேல வச்சிருக்க முடியாது" என்றார் சிஸ்டர்.

சாயங்காலம் அப்பா காபி குடித்து முடிக்கும்வரை காத்திருந்து அம்மா விஷயத்தைச் சொன்னாள். அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "முட்டையா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஈரலா?" என்றார். அப்புறம், "ஹிஸ்டரி இருக்காமே, அதுல சேரட்டுமே" என்றார்.

"வேண்டாம்ப்பா" என்றேன்.

"அப்ப அடுத்த வருஷம்வரைக்கும் பொறு. பெருமாள் ஒரு வழி காட்டாமலா போயிடுவார்?"

அம்மா அடுக்களையிலிருந்தே குரல் கொடுத்தாள். "அஸ்திரம்தான் கழண்டு விழுந்துடுத்தே. இனிமே சணல் கயித்தாலே கட்டினா யார் கோச்சுக்கப்போறா?"

அப்பாவுக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்து, எதைக் காட்டுவது என்று தெரியாமல் எழுந்து கொல்லைப்புறம் போனார். திரும்பி வந்தபோது இரண்டு நிபந்தனைகளோடு வந்தார். தினமும் கொல்லை வழியாக வந்து, கிணற்றடியில் குளித்து, துணி மாற்றிக்கொண்டுதான் உள்ளே நுழைய வேண்டும். தெருவில் யார் கேட்டாலும் கெமிஸ்ட்ரி என்றுதான் சொல்ல வேண்டும். நான் இரண்டுக்கும் தலையை ஆட்டினேன். யானை மேல் ஏறிக்கொண்டு காலேஜுக்குப் போகச் சொல்லியிருந்தாலும் ஆட்டியிருப்பேன். மறுநாள் அப்பா லீவு போட்டுவிட்டு வந்து கையெழுத்துப் போட்டார்.

லேப்பில் ஒவ்வொரு மேஜைக்கும் இரண்டு பேர். மெடிக்கல் போனவளின் இடம் எனக்கு வந்தது. அவளுடைய ஜோடி எனக்கு ஜோடியானாள். அவள் பாலக்கரைப் பக்கத்து ராவுத்தர் வீட்டுப் பெண். அவள் அத்தா, அதாவது அப்பா, சவூதியில் வேலை பார்த்தார். முதல் நாளே முட்டை. வெள்ளைக் கருவைத் தனியாக எடுத்து, புரதம் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். கையில் முட்டையை வாங்கினேன். அது அவ்வளவு கனமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. மூன்றாவது வாரம் என்ன, மூன்றாவது நிமிஷமே ஓடிவிடுவேன் போலிருந்தது.

பக்கத்திலிருந்தவள் சத்தமில்லாமல் முட்டையை என் கையிலிருந்து வாங்கினாள். "நீ அந்தப் பக்கம் திரும்பிக்க. நான் உடைச்சு ஊத்திட்டு சொல்றேன். கண்ணாடிக் குழாய்க்குள்ள போயிட்டா அது முட்டை இல்ல, கெமிஸ்ட்ரிதான்" என்றாள். அப்படித்தான் முதல் வருஷம் முழுக்க ஓடியது. ஈரலை அவள் நறுக்குவாள், நான் அரைத்து வடிகட்டுவேன். நான் வருவதற்கு முன் நடந்த பாடங்களையெல்லாம் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். அவள் டிபன் பாக்ஸ் ஒரு மரத்தடியிலும் என்னுடையது அடுத்த மரத்தடியிலும் இருக்கும். அதற்கு அவள் ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை, கேலி மட்டும் செய்வாள்.

இரண்டாம் வருஷம் தொடங்கியதும் நோன்பு மாதம் வந்தது. அந்தக் காலத்தில் பிப்பெட் குழாயை வாயில் வைத்துத்தான் உறிஞ்ச வேண்டும். கோடு வரைக்கும் திரவம் ஏறியதும் விரலால் மூடிக்கொள்ள வேண்டும். கொஞ்சம் அசந்தால் வாய்க்குள் போய்விடும். அமிலம் போகும், சர்க்கரைத் தண்ணீர் போகும், மூத்திரமும் போகும். அன்று அவள் பிப்பெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

"என்னடீ?" என்றேன்.

"ஒரு சொட்டு தொண்டைக்குள்ள போனாலும் நோன்பு முறிஞ்சிடும். மேடம்கிட்ட சொன்னா, அப்ப ஒரு மாசம் லேபுக்கு வராதேன்னு சொல்லிடுவாங்களோன்னு பயமா இருக்கு" என்றாள்.

நான் பிப்பெட்டை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். அந்த மாதம் முழுக்க அவளுக்கும் சேர்த்து நானே உறிஞ்சினேன். அவள் முட்டை உடைக்க, நான் பிப்பெட் பிடிக்க, எங்கள் மேஜையில்தான் வேலை முதலில் முடிந்தது. மேடம் ஒருநாள் வந்து நின்று பார்த்தார். விஷயம் புரிந்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. ஒன்றும் சொல்லாமல் அடுத்த மேஜைக்குப் போய்விட்டார். அவருக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் நானே முட்டையைக் கேட்டு வாங்கி உடைத்தேன். ஓடு பாதி உள்ளே விழுந்துவிட்டது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

வீட்டில் அம்மா தினமும் கிணற்றடியில் தண்ணீர் இறைத்து வைத்திருப்பாள். மார்கழியில் வெந்நீர். பக்கத்தில் மாற்றுப் புடவை. ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை. நான் குளித்துவிட்டு வந்ததும், "இன்னிக்கு என்ன தொட்டே?" என்று கேட்பாள். ஆவலாகத்தான் கேட்பாள். நான் சொல்லச் சொல்ல, அவளும் என்னோடு சேர்ந்து அந்தப் படிப்பைப் படித்தாள் என்றே சொல்ல வேண்டும்.

மூன்றாம் வருஷம் மழைக்காலத்தில் அப்பாவுக்கு மஞ்சள் காமாலை வந்து, புத்தூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தினமும் ஒரு பெண் வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போவாள். அவள் யார், என்ன என்று அப்பா கேட்கவில்லை. என்னைத்தான் கேட்டார், "பிலிரூபின்னு எழுதியிருக்கே, அப்படின்னா என்னடீ?" நான் கட்டிலோரமாக உட்கார்ந்து விளக்கினேன். சிவப்பணுக்கள் உடைவது, ஈரல் அதை வாங்கிக்கொள்வது எல்லாவற்றையும் உபன்யாசம் கேட்கிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தூங்கிவிட்டாரோ என்று நிறுத்தினேன். "மேலே சொல்லு" என்றார்.

படிப்பு முடியும் சமயத்தில் அத்தை விடாப்பிடியாக இன்னொரு வரனைக் கொண்டுவந்தாள். எனக்கு எம்.எஸ்ஸி. படிக்க ஆசை, படிக்கலாம் என்று மேடமும் சொல்லியிருந்தார். ஆனால் இதோடு படிப்பு போதும் என்று மாப்பிள்ளை வீட்டார் முன்கூட்டியே சொல்லி அனுப்பிவிட்டார்கள். நல்ல குடும்பம், நல்ல உத்தியோகம். அப்பாவால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. வந்தார்கள். சொஜ்ஜி, பஜ்ஜி ஆயிற்று. சேவித்துவிட்டு ஓரமாக நின்றேன். என் படிப்பு அந்தக் கூடத்திலேயே முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

மாப்பிள்ளையின் அப்பா காபியைக் கீழே வைத்துவிட்டு, "கெமிஸ்ட்ரின்னு சொன்னா. லேப்ல என்ன பண்ணுவா குழந்தை?" என்று கேட்டார்.

நான் தரையைப் பார்த்தேன். அம்மா கதவோரத்தில் நின்றிருந்தாள். மூன்று வருஷமாகத் தெரு முழுக்கக் கெமிஸ்ட்ரி என்று சொல்லிவந்த அப்பா, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கெமிஸ்ட்ரி இல்லை, பயோகெமிஸ்ட்ரி. கோழிமுட்டை தொடுவா. ஆட்டு ஈரல் தொடுவா. ரத்தமும் தொடுவா" என்றார். "நாளைக்கு உங்களுக்கோ எனக்கோ உடம்புக்கு ஒண்ணுன்னா, யாரோ ஒருத்தி நம்ம ரத்தத்தைத் தொட்டுத்தானே ஆகணும்? அது ஏன் என் பொண்ணா இருக்கப்படாது? மேலேயும் படிக்கணும்கறா. படிக்கட்டும்னு இருக்கேன்."

போய் எழுதுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எழுதவில்லை. அத்தை ஒரு வருஷம் எங்களோடு பேசவில்லை.

அவர்களை வாசல்வரை கொண்டுவிட்டு வந்து அப்பா ஊஞ்சலில் உட்கார்ந்தார். எங்கள் வீட்டில் அப்பாவிடம் நன்றி என்று சொல்லும் பழக்கம் கிடையாது. சொன்னால் அவருக்கும் கூச்சமாக இருக்கும், எனக்கும் வராது. தெரிந்ததெல்லாம் சேவிப்பதுதான். அதுவும் நாள் கிழமைகளில்தான். அன்றைக்கு நாளும் இல்லை, கிழமையும் இல்லை. பட்டுப்புடவையோடு அவர் முன்னால் விழுந்து சேவித்தேன்.

அப்பா திகைத்துப்போய்க் காலை இழுத்துக்கொண்டார். "என்னடீ இது, இன்னிக்கு என்ன விசேஷம்?" என்றார்.