டாக்டர் நல்லவர்

அந்த விண்வெளிக் கப்பல் தொடரைப் பற்றி இன்னமும் சண்டை போடுகிறார்கள். அது முடிந்தபாடும் இல்லை. கப்பல் மாறுகிறது, கேப்டன் மாறுகிறார், பெயருக்குப் பின்னால் புதிதாக ஒரு வால் சேருகிறது, தொடர் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. எந்தக் கேப்டன் பெரியவர் என்று என் தம்பி பிள்ளைகள் மல்லுக்கு நிற்பார்கள். என்னைக் கேட்டால், பழைய கேப்டன் ஒரு வீம்புக்காரர். சிரிக்கவே சிரிக்காத அந்த அதிகாரியை உலகமே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறதே, அவர் அறிவாளி எல்லாம் இல்லை, பயந்தவர். அந்தக் கப்பலில் யாரையாவது நம்பி ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்கலாம் என்றால் அது டாக்டரிடம்தான்.

முதல் இரண்டுக்கும் பிள்ளைகள் என்னை அடிக்க வருவார்கள். மூன்றாவதை யாரும் மறுப்பதில்லை. ஆனால் எண்பதுகளில், விழுப்புரத்தில், என் மாமியார் வீட்டுக் கூடத்தில் அந்த மூன்றாவதைச் சொன்னதற்கு நான் பட்டது எனக்குத்தான் தெரியும்.

அந்த வீட்டில் நான் ஒரு வருடம்கூட முழுதாக இருக்கவில்லை. திண்டிவனத்திலிருந்து கட்டிக்கொண்டு போனார்கள். கணவர் ஜங்ஷனில் வேலை, ஷிப்ட் மாறி மாறி வரும். வீட்டில் மாமியார், கணவரின் அண்ணன், அவர் மனைவி. அண்ணனை நான் மாமா என்பேன், அவர் மனைவியை அக்கா. மாமா மெட்ராசில் ஒரு பெரிய கம்பெனியில் இருந்தவர். கம்பெனியை மூடிவிட்டார்கள். அவர் ஒரு கறுப்பு வெள்ளை டிவியோடும் நல்ல இங்கிலீஷோடும் ஊர் திரும்பினார். வேறு வேலை கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தத் தொடர் வரும். தெருவே எங்கள் கூடத்தில் இருக்கும். மாடியில் நீளப் பைப்பில் ஆன்டெனா கட்டியும் படம் பாதி, புள்ளி பாதி. பேசுவதோ முழுக்க இங்கிலீஷ். தெருவில் யாருக்கும் ஒரு எழுத்துகூடப் புரியாது. அதனால் மாமா டிவிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கூடவே தமிழில் சொல்லிக்கொண்டு வருவார். வாரம் முழுக்க யாரும் மதிக்காத மனிதருக்கு அந்த ஒரு மணி நேரம் ராஜமரியாதை. "யோவ், எங்க ஏரியால எவன்டா வண்டியை நிறுத்திக்கினு இருக்கறது?" என்று வேற்றுக் கிரகத்தானைப் பேச வைப்பார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்போம். நான் கன்னியாஸ்திரிகளின் பள்ளியில் படித்தவள், எனக்கு அந்த இங்கிலீஷ் புரியும். ஆரம்பத்தில் அவர் சொன்னது கொஞ்சம் மசாலா சேர்த்த சரியான மொழிபெயர்ப்புதான்.

ஒருநாள் படத்தில் காய்ச்சலாகக் கிடந்த ஒருவனுக்கு டாக்டர் ஊசி போட்டார். "சீக்கிரம் எழுந்துவிடுவாய்" என்று அவன் தோளைத் தட்டினார். மாமா சொன்னார், "பாத்துக்குங்க. ஊசியில இன்னாமோ கலந்துட்டான்."

கதைக்கு விறுவிறுப்பு சேர்க்கிறார் என்றுதான் நினைத்தேன். அடுத்த வாரம் டாக்டர் கேப்டனுக்கு ஒரு கோப்பை நீட்டினார். "குடிக்காதய்யா, குடிக்காத" என்றார் மாமா. குரலில் விளையாட்டு இல்லை, நெற்றி வியர்த்திருந்தது. அதற்கடுத்த வாரங்களில் கேப்டன் பின்னுக்குப் போய்விட்டார், கிரகங்களும் போய்விட்டன. திரையில் என்ன ஓடினாலும் மாமா சொன்னது ஒரே கதைதான்: கூடவே இருக்கிற ஒருத்தன் கொஞ்சம் கொஞ்சமாக விஷம் வைக்கிறான், யாருக்கும் தெரியவில்லை.

தெருவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. டாக்டர் முகம் வந்தால் பையன்கள் கல்லெறிகிற மாதிரி கையை ஓங்குவார்கள். எதிர்வீட்டு அம்மாள் வேகவைத்த மல்லாட்டைக் கடலையை உரித்துக்கொண்டே, "நாசமாப் போறவன், சிரிச்சிக்கினே செய்யறான் பாரு" என்று நெட்டி முறிப்பாள். பாவம், அந்த நடிகர். எந்த ஊரிலோ இருந்துகொண்டு விழுப்புரத்தில் இத்தனை சாபம் வாங்கினார்.

என்னால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "மாமா, டாக்டர் அப்படி ஒன்னும் சொல்லலியே. அவர் நல்லவருங்க. ரெஸ்ட் எடுன்னுதான் சொன்னாரு" என்றேன்.

கூடம் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. மாமியார், "பெரியவங்க பேசச்சொல்ல குறுக்க பூந்துக்கினு. படிச்ச திமிரு" என்றார். மாமா கோபப்படவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மெதுவாகச் சொன்னார், "உனக்கு அவன் வாய் பேசறதுதான் கேக்குது. உள்ளுக்குள்ள இன்னா பேசறான்னு எனக்குக் கேக்குதும்மா."

மத்தியானம் அடுப்படியில் அக்கா முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டாள், "அந்த டாக்டரு நெஜமாவே நல்லவனா?"

"ரொம்ப நல்லவருக்கா. சிடுசிடுன்னு இருப்பாரு. ஆனா கப்பல்ல ஒருத்தருக்கு ஒன்னுன்னா அவரு தூங்கறதில்ல."

அக்கா பருப்பைக் கடைந்துகொண்டே இருந்தாள். கடைந்து முடித்த பிறகும் கடைந்தாள். "அப்ப உங்க மாமா இத்தினி நாளா சொல்லிக்கினு இருக்கறது என்னையத்தான்" என்றாள்.

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவள் முதலில் சாப்பிட்டுக் காட்டினால்தான் அவர் தட்டில் கை வைக்கிறார். பானைத் தண்ணீரைத் தொடுவதில்லை, தெருக் குழாயில் போய்க் குடித்துவிட்டு வருகிறார். அவள் தூங்குகிறாளா என்று உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். இதை ஒரே வீட்டில் இருந்துகொண்டு நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை.

அன்று சாயந்திரம் கணவரிடம் சொன்னேன்: மாமாவுக்கு மனசு சரியில்லை, புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகலாம். "எங்க அண்ணனைப் பைத்தியம்ங்கறியா? வெளிய தெரிஞ்சா மானம் போய்டும்" என்றார். அந்த ஆஸ்பத்திரிக்குக் கடைசியில் கூட்டிக்கொண்டுதான் போனார்கள். ஆனால் அது வெகுகாலம் கழித்து.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை படமே வரவில்லை. பையன்கள் மாடிக்கு ஓடிப் பைப்பைத் திருகிப் பார்த்தார்கள். வெறும் புள்ளியும் இரைச்சலும்தான். எல்லோரும் எழுந்து போயிருக்கலாம். மாமா கையமர்த்தி உட்காரச் சொன்னார். புள்ளிகளையே உற்றுப் பார்த்தபடி கதை சொல்ல ஆரம்பித்தார். கேப்டன் தனியாக உட்கார்ந்திருக்கிறான். நாக்கு தடித்துப்போய்விட்டது. டாக்டர் வருகிறாள். ஆமாம், வருகிறாள் என்றுதான் சொன்னார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அத்தனை பேரும் அந்தப் புள்ளிகளைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்தார்கள். "வளையல் சத்தம் கேக்குது. டம்ளரோட வர்றா" என்றார் மாமா.

அந்த நேரம் பார்த்து அக்கா தட்டு நிறைய டீ டம்ளர்களோடு கூடத்துக்குள் வந்தாள். வாராவாரம் அவள்தான் எல்லோருக்கும் டீ கொடுப்பாள். முதலில் எதிர்வீட்டு அம்மாளிடம் நீட்டினாள். அந்த அம்மாள் கையை மடியிலிருந்து எடுக்கவில்லை. அடுத்தவர் எடுக்கவில்லை. பையன்கள்கூட எடுக்கவில்லை. அக்கா தட்டை நீட்டிக்கொண்டே கூடம் முழுக்கச் சுற்றி வந்தாள்.

நான் எழுந்துபோய் ஒரு டம்ளரை எடுத்து மடமடவென்று குடித்தேன். நாக்கு வெந்துபோனது. இப்போதாவது எடுப்பார்கள் என்று பார்த்தேன். எனக்கு ஏதாவது ஆகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? மறுநாளைக்குள் தெருவில் பேச்சு முடிவாகிவிட்டது: பிள்ளை இல்லாதவள், புருஷனைக் கைக்குள் போட்டுக்கொள்ளச் சோற்றில் மருந்து வைத்துவிட்டாள். இடுமருந்து என்றால் எங்கள் பக்கத்தில் விளக்கம் தேவையில்லை. எதையோ அரைத்துச் சோற்றில் வைப்பார்களாம், அது வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஆளை உருக்குமாம். அதை எடுப்பதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். மாமியாருக்கு மகன் பைத்தியம் என்பதைவிட மருமகள் மருந்து வைத்தாள் என்பது எவ்வளவோ நிம்மதியாக இருந்தது. டிவியே சாட்சி சொல்லியாகிவிட்டது.

திண்டிவனத்துக்கு வெளியே ஒரு கிராமத்தில் பேர்போன ஒருவர் இருந்தார். ஐந்து பேரும் பஸ் ஏறிப் போனோம். அவர் வாயில் வெற்றிலை அதக்கிக்கொண்டிருந்தார். மாமாவைப் படுக்க வைத்து, வயிற்றில் ஒரு குழலை வைத்து உறிஞ்சினார். பிறகு உள்ளங்கையில் ஒரு கறுப்பு உருண்டையைத் துப்பிக் காட்டினார், மயிர் சுற்றிய உருண்டை. "ரொம்ப நாளா உள்ள இருந்துருக்குது. வீட்டு ஆளு வச்சது" என்றார். வெற்றிலைக்குள் அவர் எதை வைத்திருந்தார் என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. கணவர் என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

மாமா அந்த உருண்டையைப் பார்த்துச் சிரித்தார். மாதக்கணக்கில் அவர் அப்படி நிம்மதியாகச் சிரித்து நான் பார்த்ததில்லை. தன் பயம் அத்தனையும் நிஜம் என்று ஒருவர் கையில் வைத்துக் காட்டிவிட்டாரே! இனி இவரை எந்த ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட முடியும்?

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அக்கா அவர் முன்னால் வந்து நின்றாள். "நான் வச்சேன்னு நெனைக்கிறீங்களா?"

"அதான் கண்ணால பாத்தனே" என்றார் மாமா, கோபமே இல்லாமல்.

விழுப்புரம் பஸ் நின்றது. அவள் அதில் ஏறவில்லை. அவள் பிறந்த ஊர் புதுச்சேரிப் பக்கம் கண்டமங்கலம். புதுச்சேரி பஸ்ஸை நோக்கி நடந்தாள். யாரும் கூப்பிடவில்லை. நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன். "நான் எப்படியாவது பொழச்சிக்குவேன். நீ ஜல்தியா அங்கேர்ந்து கெளம்பற வழியப் பாரு" என்றாள். அக்காவுக்காக வருத்தப்படுவதிலேயே இருந்த எனக்கு அவள் சொன்னது உறைக்கவில்லை.

அந்த வாரம் முழுக்க மாமா வயிறாரச் சாப்பிட்டார். மருந்து எடுத்த கதையை மாமியார் வீடு வீடாகப் போய்ச் சொன்னார். சமையல் என் தலையில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை கூடம் நிறைந்துவிட்டது. கணவருக்கு அன்று லீவு, அவரும் முன்வரிசையில் இருந்தார். படம் பளிச்சென்று வந்தது. மாமா உற்சாகமாக, "டாக்டர் கதை முடிஞ்சிது. புடிச்சி வெளிய தள்ளிட்டாங்க" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

திரையில் கதவு திறந்தது. டாக்டர் எப்போதும் போல உள்ளே வந்தார், யாருக்கோ நாடி பிடித்துப் பார்த்தார்.

"அப்ப இது யாருங்க?" என்று ஒரு பையன் கேட்டான்.

மாமா திரையைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு கூடத்தைச் சுற்றிக் கண்ணை ஓட்டினார். டீத் தட்டோடு அடுப்படி வாசலில் நின்றிருந்த என்மேல் வந்து அது நின்றது.

"அந்த எடத்துக்கு வேற ஆளு வந்துருக்குது" என்றார்.

தட்டை எடுத்துக்கொண்டு போனேன். முதலில் என் கணவரிடம் நீட்டினேன். அவர் அண்ணனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்புறம் குடிக்கிறேன், அங்க வையி" என்றார்.