ஸ்டெல்லா அக்கா வீட்டில் பிறந்த குட்டி

போன வாரம் காலையில் அக்காவின் மகன் சேகர் போன் செய்தான். ஷிப்டுக்குக் கிளம்பும் நேரத்தில் அவன் அழைப்பதில்லை. “அத்தை, அம்மா பூட்டாங்க” என்றான். அக்காவின் சாவுச் செய்தி எனக்கு அப்படித்தான் வந்தது.

வடக்குப்பட்டில் ஸ்டெல்லா அக்காவைத் தெரியாதவர்கள் குறைவு. 1991இல் நாங்கள் இருவரும் சேர்ந்து ஆட்டுப் பண்ணை வைத்திருந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அந்த ஐப்பசியில் பெரும்பாலான ஆடுகள் சினை. குட்டி போடும் நாள் நெருங்கியதால் கொட்டகையில் சுண்ணாம்பு தெளித்தோம், கிழிந்த கீற்றை மாற்றினோம், பழைய சாக்குகளைத் துவைத்துக் காயவைத்தோம். முட்டுப்பட்டுக் குட்டி கலைந்துவிடாமலிருக்கச் சினை ஆடுகளைத் தனியே கட்டினோம். அக்கா ஒவ்வொன்றின் மடியையும் தொட்டுப் பார்த்து, “இது இந்த வாரம், அது அடுத்த வாரம்” என்பார். பாதி தப்பிவிடும். “ஆடு இன்னா காலண்டர் பாத்துகினா போடுது?” என்று சிரிப்பார்.

எல்லாம் தயாரான பிறகு மழை பிடித்தது. ஒரு மதியம் ஏரித் தண்ணீர் கொட்டகைக்குள் வந்துவிட்டது. பக்கத்தில் மேடாக இருந்தது அக்காவின் புது வீடு மட்டுமே. ஞாயிறன்று ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்த பிறகு குடிபோக இருந்தார்கள்.

“ஆடுங்கள அங்க ஓட்டு” என்றார் அக்கா.

“வேணாங்க்கா, அண்ணன் இன்னா சொல்லுவாரு?”

“அவரு வந்து சொல்றவரைக்கும் தண்ணி நிக்குமா?”

அவர் கணவர் வந்தபோது கூடத்தில் ஓர் ஆடு வலியில் கத்திக்கொண்டிருந்தது. “எத்தினி வருஷமா கட்டின வூடு ஸ்டெல்லா. நாம ஒருநாள்கூட படுக்கல” என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்போம். குரல் உடைந்திருந்தது.

அக்காவுக்கு நிமிர நேரமில்லை. குட்டி பாதியில் சிக்கியிருந்தது. “ஆட்ட கெட்டியா புடிங்க” என்றார். அண்ணன் சற்று நின்றார், பிறகு தரையில் உட்கார்ந்து பிடித்தார். வெளியே வந்த குட்டியிடம் அசைவில்லை. அவர் தன் சட்டையைக் கழற்றி அதன் மூக்கைத் துடைத்து, உடம்பைத் தேய்த்தார். விடாமல் தேய்த்தார். கடைசியில் அது தும்மியது.

ஞாயிறன்று எவ்வளவு கழுவியும் வாடை போகவில்லை. ஃபாதர் வாசலில் தயங்க, அண்ணன்தான் வெளியே கட்டியிருந்த ஆடுகளைக் காட்டிச் சொன்னார்: “மொதல்ல குடிவந்தது இவங்கதான் ஃபாதர். இவங்களுக்கும் தெளிச்சுடுங்க.”

பண்ணை பிறகு நிலத்தோடு கம்பெனிக்குப் போயிற்று. அக்கா இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும், குட்டியைக் கணவர் பிழைக்கவைத்ததில் முடிப்பார். புது வீட்டைத் திறந்துவிட்டது யார் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவர் சொல்லாமல் விட்ட அந்தப் பகுதிதான் என்னிடம் இருக்கிறது. இன்று அதை உங்களிடம் சொல்லிவிட்டேன்.