மீன் விலையும் எங்கள் வீட்டு விரதங்களும்

என் கணவருக்குப் பக்தி வந்தது மீன் விலை ஏறிய காலத்தில்தான். அதற்கு முன்பு கோயிலுக்குப் போகாதவர் என்றில்லை. வெள்ளிக்கிழமைகளில் சைவமாய் இருந்து போவார். கும்பிடும்போது ஒரு கண் சாமியிலும் மற்றக் கண் வாசலில் கழற்றிவிட்ட செருப்பிலும் இருக்கும். செருப்புப் புதிதென்றால் இரண்டு கண்ணும் அங்கேதான். அப்படிப்பட்டவர் ஒரு நாள் காலையில் தேநீரைக் குடித்துக்கொண்டே, "இஞ்சாரும், இனிச் செவ்வாய்க்கிழமையும் சைவமாய் இருப்பம். முருகனுக்கு விசேஷம்" என்றார். நானும் பெரிய மனதோடு "ஓம்" என்றுவிட்டேன்.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மாடிக் கட்டடமொன்றில் குடியிருக்கிறோம். மகள் பேராதனையில் படிக்கிறாள், லீவுக்கு மட்டும் வருவாள். மற்றபடி நாங்கள் இரண்டு பேர்தான். அவருக்குக் கோட்டையில் ஒரு கம்பெனியில் கணக்குப் பகுதியில் வேலை. கந்தோரில் பார்க்கிற கணக்குப் போதாதென்று வீட்டிலும் பார்ப்பார். பற்பசை தீர்ந்தால் குழாயைக் கத்தரிக்கோலால் வெட்டி, உள்ளே தூரிகையை விட்டு இன்னும் ஒரு கிழமை ஓட்டுவார். தேய்ந்த சவர்க்காரத்தைப் புதுச் சவர்க்காரத்தின் முதுகில் ஒட்டிவிடுவார். அவர் அறையை விட்டு எழும்பினால் மின்விசிறியும் நின்றுவிடும். நான் அந்த அறையிலேயே இருக்கிறேன் என்பது அவர் கண்ணில் படாது. இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். சிக்கனம் நல்லதுதானே.

ஆனால் மீனில் கைவைத்தால் நான் பொல்லாதவள். எனக்கு மீன் இல்லாத சோறு சோறே அல்ல. விளைமீன் சொதி, அறக்குளாக் குழம்பு, சுறா வறை என்று நினைத்தாலே பசி வரும். நான் அவரிடம் நகை கேட்டதில்லை, காஞ்சிபுரம் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் கிடைத்திராது, அது வேறு கதை. கேட்டதெல்லாம் மீன்தான். அதையும் பேராசை என்று எவராவது சொன்னால் அவரோடு நான் கதைக்க மாட்டேன்.

செவ்வாய் போனபின் திங்கள் போனது. சிவனுக்கு உகந்த நாளாம். பிறகு வியாழன். குரு பார்வை சரியில்லை என்று வட்சப்பில் யாரோ அனுப்பியிருந்தார்கள். புரட்டாசி பிறந்தது, சனிக்கிழமையைச் சனீஸ்வரன் எடுத்துக்கொண்டார். புரட்டாசி முடிந்தபிறகும் அவர் திருப்பித் தரவில்லை. ஞாயிறாவது மிஞ்சுமென்று பார்த்தால், "ஆவணி ஞாயிறு பிடிக்காமல் விட்டிட்டம், அந்தக் குறைக்கு ஐப்பசியிலயும் பிடிச்சால் நல்லது" என்றார். ஆவணியில் விட்ட விரதத்தை ஐப்பசியில் பிடிக்கலாமென்று எந்தச் சாத்திரத்தில் இருக்கிறது என்று கேட்டேன். சாத்திரத்தைப் பற்றிக் கதைப்பதே பாவம் என்பது போல முகத்தை வைத்துக்கொண்டார். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பார்கள். எனக்குக் கிடைத்தது புதன் ஒன்றுதான். அந்தப் புதனிலும் சதுர்த்தி, சஷ்டி, கார்த்திகை, பிரதோஷம், அமாவாசை, பறுவம் என்று ஏதாவது ஒன்று வந்து குந்திவிடும். மச்சச் சட்டி, அதாவது நாங்கள் மீனுக்கென்றே தனியாக வைத்திருக்கும் மண்சட்டி, அலுமாரியின் மேல்தட்டில் கவிழ்ந்து கிடந்து தூசி பிடித்தது.

புருஷனோடு சண்டை பிடிக்கலாம். கடவுளோடு எப்படிப் பிடிப்பது? "மீன் வேணும்" என்று நான் வாயைத் திறந்தால், விரதத்தைக் குழப்பிய பாவி என்ற பெயர் எனக்குத்தான் வரும். ஆகவே நான் வேறு வழியைப் பிடித்தேன். அவர் பக்தியில் ஒரு படி ஏறினால் நான் இரண்டு படி ஏறுவது என்று முடிவெடுத்தேன்.

எங்கள் ஆட்களின் விரதத்தைப் பற்றித் தெரியாதவர்கள் அதைப் பட்டினி என்று நினைப்பார்கள். பட்டினி மத்தியானம் வரைக்கும்தான். அதன்பின் வருவது கல்யாண வீட்டுச் சாப்பாடு. ஒரு மீன் குழம்பும் சோறும் வைத்தால் முடிந்துபோகிற சமையலுக்குப் பதிலாகப் பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல், பூசணிக்காய்க் கறி, கீரை, அப்பளம், மோர்மிளகாய், வடை, தயிர் எல்லாம் வைத்தேன். பாயசத்துக்கு நெய்யில் வறுத்த கஜுவும் முந்திரிகை வற்றலும் போட்டேன். தேங்காய் விற்ற விலையில் முதற்பால், இரண்டாம் பால் என்று தாராளமாய்ப் பிழிந்தேன். சாப்பிடுவதற்கு வாழை இலை. கோயிலுக்கு அர்ச்சனை, மாலை, போக வர முச்சக்கர வண்டி. விரதகாரர் வெயிலில் நடக்கலாமா? இரவுக்குப் பாலும் பழமும். பழமென்றால் சும்மா கதலி இல்லை, ஆப்பிளும் திராட்சையும். முருகனுக்கு அழுகல் பழமா வைக்கிறது?

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வடை பொரியும் எண்ணெய்ச் சட்டியை எட்டிப் பார்ப்பார். விரலை மடித்து ஏதோ கணக்குப் போடுவார். ஒரு நாள் மெல்லச் சொன்னார்.

"இஞ்சாரும், முருகன் எளிமையானவர். ஒரு கறி வைச்சாலும் ஏற்றுக்கொள்ளுவார்."

"முருகன் ஏற்றுக்கொள்ளுவார். நான் மனசாட்சிக்குப் பயந்தனான்" என்று சொல்லிவிட்டு இன்னும் ஒரு கரண்டி நெய் விட்டேன்.

கடவுளின் பெயரைச் சொல்லிச் செலவழிப்பதில் ஒரு தனிச் சுகம் இருக்கிறது. ஒருவரும் கணக்குக் கேட்க ஏலாது.

ஐப்பசி முடிவதற்குள் ஒரு சனிக்கிழமை, பாயசத்தில் சவ்வரிசி பாதி வெந்தபோது காஸ் தீர்ந்துவிட்டது. அவர் நம்பவில்லை. சிலிண்டரைத் தூக்கிக் குலுக்கினார், சரித்துப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார்.

"இது எப்பிடி இவ்வளவு கெதியா முடிஞ்சது?"

"முருகனைக் கேளுங்கோ" என்றேன்.

சிரிப்பாரென்று நினைத்தேன், அல்லது கத்துவாரென்று. அவர் குசினிக்குள் கிடந்த பிளாஸ்டிக் ஸ்டூலில் இருந்துவிட்டார்.

"கந்தோரில ஓவர்டைம் எல்லாத்தையும் வெட்டிப்போட்டாங்கள்" என்றார். "கொஞ்சக் காலமாச்சு. மகளின்ர செலவை அனுப்பினால் மிச்சம் கையில நிக்குதில்லை."

"அதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"என்னெண்டு சொல்லுறது? உமக்கு மீன் வாங்கித்தர என்னட்டக் காசில்லையெண்டோ?"

முருகன் மீன் வேண்டாம் என்கிறார் என்று சொல்ல இந்த மனிதருக்கு வாய் வந்திருக்கிறது. தன்னால் ஏலாது என்று சொல்ல மட்டும் வரவில்லை. எனக்கு முதலில் வந்தது கோபம்தான். இத்தனை காலம் சேர்ந்து வாழ்ந்தவளிடம் சொல்ல முடியாததை ஆறு முகத்தின் பின்னால் போய் ஒளித்து வைக்கிறதா? பிறகு அவருடைய தேய்ந்த சேர்ட் கழுத்தைப் பார்த்தேன். கோபம் போய்விட்டது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

"அறக்குளா வாங்க ஏலாட்டில் சாளை வாங்கியிருக்கலாமே? சாளை எண்டாலும் மீன்தானே" என்றேன்.

"சாளையோ!" என்று ஸ்டூலை விட்டே எழும்பிவிட்டார். "சாளைப் பையோட என்னை லிப்டில ஏறச் சொல்லுறீரோ? கீழ்வீட்டுக்காரர் உள்ள நிண்டால்?"

விஷயம் இதுதான். எங்கள் கட்டடத்தில் யார் வீட்டில் என்ன மீன் என்பது லிப்டிலேயே தெரிந்துவிடும். அறக்குளா வாங்கியவர் பையின் வாயைக் கொஞ்சம் திறந்தே பிடித்திருப்பார். சாளை வாங்கியவர் அதைப் பூனைக்கென்பார். கீழ்வீட்டுக்காரரோ ஒரு திணைக்களத்தில் அதிகாரி, நெற்றி நிறையத் திருநீறு, கோயில் சபையில் ஆள். அவர்கள் வீட்டில் மச்சமே புழங்குவதில்லை என்று கேள்வி. அவர் முன்னால் சாளையோடு நிற்பதைவிட வருடம் முழுக்க விரதம் பிடிப்பது மேலென்று என் கணவர் முடிவெடுத்திருக்கிறார். காசில்லாமல் இருப்பதுகூட எங்கள் ஆட்களுக்குப் பெரிய குறையில்லை, காசில்லையென்று தெரிந்துவிடுவதுதான் குறை.

காஸ் சிலிண்டரைக் கடன் அட்டையில் மாற்றினோம். அடுத்த நாள் ஞாயிறு நானே சந்தைக்குப் போனேன். முதல் கடைக்காரன் என்னைக் கண்டதும் பழைய நினைப்பில் கத்தியைத் தீட்டினான். "தோரா தென்னத, அக்கே?" என்று சிங்களத்தில் கேட்டு அறக்குளாவைத் தூக்கிக் காட்டினான். "எப்பா மல்லி, சாலயோ" என்றேன். வேண்டாம், சாளைதான் என்றதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கையால் அள்ளிப் போடுகிற கடையைக் காட்டிவிட்டான். பளபளவென்று இருந்தது சாளை. பையின் வாயைத் திறந்து பிடித்துக்கொண்டே லிப்டில் ஏறினேன். ஒருவரும் இல்லை. எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது.

மிளகாய்த்தூள், மஞ்சள், உப்புப் பிரட்டிப் பொரித்தேன். மச்சச் சட்டியை இறக்கிக் கழுவி, பழப்புளி விட்டு ஒரு குழம்பும் வைத்தேன். அவர் யன்னல்களைப் பூட்டினார். கதவின் அடியில் துவாயை மடித்து வைத்தார். அதுவும் போதாதென்று சாம்பிராணியைக் கொளுத்திக்கொண்டு வீடு முழுக்க நடந்தார். சாம்பிராணியும் பொரித்த சாளையும் கலந்த மணத்தை எங்கள் கட்டடம் அதற்கு முன் கண்டிராது. அது துவாயை மதிக்கவில்லை. படிக்கட்டால் இறங்கிப் போய்விட்டது.

நாங்கள் சாப்பிட இருந்து, அவர் முதல் மீனின் முள்ளை எடுத்து வைத்தபோது மணி அடித்தது. நான் கதவைத் திறந்தேன். கீழ்வீட்டுக்காரரின் மனைவி. எனக்குப் பின்னால் என் கணவர் சோற்றுக் கோப்பையை மடியில் மறைப்பதா மேசைக்குக் கீழே வைப்பதா என்று தடுமாறுகிற சத்தம் கேட்டது.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ" என்றாள் அவள். குரலைத் தாழ்த்தினாள். "சாளையோ?"

"ஓம்."

"எங்க வாங்கினனீங்கள்?"

நான் அவளையே பார்த்தேன். அவளுக்கு முகம் சிவந்தது.

"நாங்கள் பிறவிச் சைவமில்லை, அக்கா. விலை ஏறினாப் பிறகுதான். இவர் விரதம் விரதமெண்டு... எனக்கு நாக்குச் செத்துப்போச்சு. சந்தையில எந்தப் பக்கம் எண்டு சொன்னீங்களெண்டால்..."

நான் வாயைத் திறக்குமுன் உள்ளேயிருந்து என் கணவரின் குரல் வந்தது. வாய் நிறையச் சோறு.

"பின்பக்கம் கடைசிக் கடைக்குப் போங்கோ, தங்கச்சி. முன்னுக்கு நிக்கிறவன்ர சாளை சரியில்லை, போன சனி கண் சிவந்து கிடந்தது. அதுக்கு முதல் கிழமையும் அப்பிடித்தான். கடைசிக் கடைக்காரன்ர நல்லது. மத்தியானம் திரும்பினாப் பிறகு விலையும் குறைப்பான்."

அவள் நன்றி சொல்லி இறங்கிப் போனாள். நான் கதவைச் சாத்திவிட்டு அங்கேயே நின்றேன். சனிக்கிழமைகளில் மரக்கறி வாங்கப் போகிறவர் அவர்தான். கத்தரிக்காயும் கீரையும் பூசணிக்காய்த் துண்டும் கொண்டு வருவார். மீன் கடைப் பக்கம் போனதாக ஒரு சனியும் சொன்னதில்லை. ஒவ்வொரு சனியும் போய், சாளையின் கண்ணைப் பார்த்து, விலை கேட்டு, குறையும்வரை நின்றுவிட்டு வெறும் மரக்கறிப் பையோடு திரும்பியிருக்கிறார்.

அவர் தலையைக் குனிந்து முள் எடுத்துக்கொண்டிருந்தார். சட்டியில் கிடந்ததில் பெரிய சாளையாய்ப் பார்த்து இரண்டை எடுத்து அவருடைய கோப்பையில் வைத்தேன்.