நாலரை மணிச் சங்கும் வெள்ளச்சியும்

தெமோதரைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் என் பழைய மாணவி யோகேஸ்வரி பந்தயக் குதிரைகளைப் பழக்குகிறாள். நான் பதுளையில் கணிதம் படிப்பித்த காலத்தில் விடைத்தாளின் பின்பக்கத்தில் குதிரைக் கால்களாக வரைந்து வைப்பாள். முழுக் குதிரை வரைந்ததே இல்லை. "வந்து பாருங்க டீச்சர்" என்று மூன்று வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஓய்வு பெற்றவளுக்கு நேரமில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? சித்திரைப் புத்தாண்டு முடிந்த கையோடு ஒரு செவ்வாய்க்கிழமை கிளம்பினேன்.

நான் இப்போது இருக்கும் மொனராகலையில் காலை 6.15க்கு பஸ். பசறை வழியாகப் பதுளைக்கு இரண்டே முக்கால் மணி நேரம், 310 ரூபாய். வளைவுகள் அதிகம், வயிறு கலங்குகிறவர்கள் சாப்பாட்டைப் பதுளைக்கு ஒதுக்கி வையுங்கள். பஸ் நிலையத்துக்கு எதிரே ரொட்டியும் கட்டச்சம்பலும் 150 ரூபாய். அங்கிருந்து தெமோதரை பதின்மூன்று கிலோமீட்டர், 90 ரூபாய். கடைசி நான்கு கிலோமீட்டர் ஏற்றம் என்பதால் முச்சக்கர வண்டி பிடித்தேன். 700 ரூபாய்.

"குதிரைக்கார அக்கா வீட்டுக்குங்களா?" என்றார் சாரதி. "போன சனிக்கிழமை வெள்ளச்சி எங்களையெல்லாம் கவுத்துட்டா."

"காசு கட்டினீங்களா?"

"இல்லீங்கம்மா. போன்ல பார்த்துக் கத்தினதுல தொண்டைதான் போச்சு."

விவரத்தை யோகா சொன்னாள். லாயத்தில் மூன்று குதிரைகள். மூன்றும் பதுளை கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கும் ரஷீத் நானாவுடையவை. கடந்த சனிக்கிழமை மூன்றும் நுவரெலியாவில் ஓடின. ராஜா என்ற சிவப்புக் குதிரை முதலாவது. இளங்குதிரை மூன்றாவது. நாலரை மணிக்கு நடந்த கடைசி ஓட்டத்தில் வெள்ளைப் பெண்குதிரை வெள்ளச்சி இரண்டு குதிரை நீளம் முன்னால் வந்துகொண்டிருந்தவள், கடைசித் திருப்பத்தில் திடீரென்று வேகத்தைக் குறைத்துத் தலையைத் திருப்பினாள். ஏழில் ஏழாவது.

"நெஞ்சில ஓட்டமில்லாத குதிரைனு நானா நெனைக்கிறாரு" என்றாள் யோகா. "இந்தச் சனிக்கிழமையும் இப்படி நின்னா மூணையும் கொழும்புக்கு ஏத்திருவாராம். வேற குதிரை நமக்கு இல்லீங்க டீச்சர். லாயத்தைப் பூட்ட வேண்டியதுதான்."

இது மூன்று பேர் வேலை செய்யும் இடம், மூவரும் ஒரே குடும்பம். யோகா பழக்குகிறாள். கணவர் சிவா லொறி ஓட்டுகிறார், தீனி கலக்குகிறார், லாடம் பார்க்கிறார். இருபத்திரண்டு வயது மகள் துளசி காலை ஓட்டத்துக்குக் குதிரையேறுகிறாள். பந்தய நாளில் மட்டும் உரிமம் பெற்ற ஜொக்கி வருவார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் தோட்டத்துப் பெரட்டு போலவே இங்கும் ஐந்தே முக்காலுக்குப் பெரட்டு உண்டு. குதிரைகளை வரிசையாக நிறுத்தி, எது எவ்வளவு தின்றது, எந்தக் கால் சூடாக இருக்கிறது என்று சிவாவும் துளசியும் யோகாவிடம் ஒப்பிக்க வேண்டும். என் வகுப்பில் ஒரு நாளும் ஒப்பிக்காதவள் அதைக் கண்டிப்பாகக் கேட்கிறாள்.

அன்று மத்தியானம் அந்த ஓட்டத்தின் வீடியோவைக் காட்டினார்கள். சத்தம் இல்லை. அறிவிப்பாளர் குரலைக் கேட்டால் எரிச்சல் வருகிறது என்று யோகா முதல் நாளே அதை அடைத்துவிட்டாளாம். எட்டுப் பத்துத் தடவை பார்த்தும் அப்படியேதான் பார்த்திருக்கிறார்கள். எனக்கு எந்தக் குதிரை எதுவென்று புரியவில்லை. "பேரைச் சொல்றதையாவது கேட்போமே" என்றேன். துளசி சத்தத்தைக் கூட்டினாள்.

கடைசித் திருப்பம் வந்தது. கூட்டத்தின் இரைச்சலுக்குப் பின்னால், மலைக்கு அந்தப் பக்கத்தில் எங்கோ ஒரு தொழிற்சாலைச் சங்கு நீளமாக ஊதியது. வெள்ளச்சியின் காதுகள் நிமிர்ந்தன.

சிவா மெதுவாக உட்கார்ந்தார். "நாலரைச் சங்கு."

தோட்டத்தில் பிறந்தவர்கள் கடிகாரம் பார்ப்பதில்லை. இங்கும் வேலை விடும் நாலரை மணிச் சங்கு ஊதினால் சிவா தீனி வாளியைத் தூக்குவார். மூன்று வருடம் ஒரு நாள் தவறியதில்லை. வெள்ளச்சிக்கு அந்தச் சத்தம் என்றால் ஓட்டம் முடிந்தது, வீட்டுக்குப் போகலாம் என்று அர்த்தம்.

"அப்ப நம்மதான் அவளை நிக்கச் சொல்லிக் குடுத்திருக்கோம்" என்றாள் துளசி.

"உங்கப்பன்தான்" என்றாள் யோகா.

"வாளி என்னோடது. நேரத்துக்குப் போடணும்னு சட்டம் போட்டது யாரு?" என்றார் சிவா.

எனக்குப் பள்ளிக்கூடம் நினைவுக்கு வந்தது. ஒரு தடவை புது மின்மணி பொருத்தியவர் சரிபார்க்க அதைக் காலை முழுக்க அடித்துக்கொண்டே இருந்தார். முதல் மணிக்குப் பிள்ளைகள் புத்தகத்தை மூடினார்கள். பத்தாவது மணிக்கு ஒருவரும் தலை நிமிரவில்லை. இதைச் சொன்னேன். யோகா எழுந்துவிட்டாள்.

அன்று மாலைச் சங்கைச் சிவா போனில் பதிவு செய்தார். புதன்கிழமை காலை துளசி வெள்ளச்சியைத் தோட்டத்து மைதானத்தில் ஓட்ட, சிவா ஒலிபெருக்கியில் சங்கை ஊதவிட்டார். வெள்ளச்சி சட்டென்று நின்று லாயத்துப் பக்கம் திரும்பினாள். வாளி வரவில்லை. மறுபடி ஊதினார், மறுபடி நின்றாள். ஐந்தாவது தடவை வேறொரு கூத்து. மேலே மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கொழுந்து நிறுக்கக் கூட்டமாக இறங்கி வந்தார்கள். மணி பத்தே கால்.

"ஏம்ப்பா சிவா, குதிரைக்கு ஊதுறியா, எங்களுக்கு ஊதுறியா?" என்று கங்காணி மேலிருந்து கத்தினார்.

"விடுங்க கங்காணி" என்றாள் ஒரு பெண். "இன்னொரு தடவை ஊதட்டும், அப்படியே வீட்டுக்குப் போயிர்றோம்."

பிறகு ஒலிபெருக்கியைத் தாழ்த்தி வைத்தார்கள். வியாழக்கிழமை பகலுக்குள் முப்பது தடவையாவது ஊதியிருக்கும். அன்று மாலை நிஜச் சங்குக்கு மற்ற இரண்டும் கதவை உதைத்தன. மைதானத்தில் வெள்ளச்சி ஒரு காதை மட்டும் திருப்பிவிட்டு ஓட்டத்தைத் தொடர்ந்தாள். யோகா நிறுத்துமணிக்கூட்டைத் துடைத்துச் சட்டைப் பையில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை லொறி புறப்பட்டது. நானும் துளசியும் சனிக்கிழமை பண்டாரவளை, வெலிமடை வழியாக பஸ்ஸில் போனோம். மூன்று மணி நாற்பது நிமிடம், இரண்டு பஸ்ஸுக்கும் சேர்த்து 450 ரூபாய். ஏப்ரலிலும் நுவரெலியாவுக்குக் கம்பளிச் சட்டை வேண்டும். ராஜா நாலாவது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நாலரை மணி ஓட்டம். எட்டுக் குதிரைகள், ஆயிரத்து இருநூறு மீட்டர். வெள்ளச்சி திருப்பத்துக்கு இரண்டாவதாக வந்தபோது சங்கு ஊதியது. துளசி என் மணிக்கட்டைப் பிடித்த இடம் இன்னும் வலிக்கிறது. வெள்ளைக் காது ஒன்று பின்னால் போய் முன்னால் வந்தது. கால்கள் தடுமாறவில்லை. கடைசிவரை விரட்டி, கழுத்தளவில் இரண்டாவதானாள்.

ரஷீத் நானா தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டு யோகாவிடம் வந்தார்.

"போன கெழம நின்ன குதிர தானா இது?"

"அதேதான் நானா. தப்பு அவமேல இல்ல, எங்க வாளிமேல." அவள் ஒளிக்காமல் முழுதையும் சொன்னாள்.

அவர் வெகு நேரம் சிரித்தார். "சரி, மூணும் ஒங்ககிட்டயே ஈக்கட்டும். அடுத்தது எப்ப?"

"ரெண்டு கிழமையில. வெள்ளச்சிக்கு ஆயிரத்து நானூறு மீட்டர், ராஜாவுக்கு ஆயிரம். சின்னதுக்கு இன்னும் ஒரு மாசம் வேணும், அவசரப்படுத்தாதீங்க."

என் அனுபவத்தில், தவறு எங்கே என்று தெரிந்த மாணவரைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. பழக்குநர்களுக்கும் அது பொருந்தும் போலிருக்கிறது.

நீங்களும் லாயத்தைப் பார்க்கப் போவதாக இருந்தால், தெமோதரையில் முதல் நாளே தங்குங்கள், ஐந்தே முக்கால் பெரட்டுக்கு முன் போய்ச் சேருங்கள், குடை விரிக்காதீர்கள், குதிரைகள் மிரளும். தீனி போடுவதைப் பார்க்க விரும்பினால் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இப்போதெல்லாம் தீனி ஒரு நாள் நாலே காலுக்கு, மறுநாள் ஐந்தரைக்கு. சிவாவுக்கே வாளியைத் தூக்கும்போதுதான் தெரியும்.