வீட்டில் ஓடிய புரோகிராம்

சி புரோகிராமிங் லேப் பரீட்சையில் எனக்கு அது கடைசி வாய்ப்பு. அதில் தேறினால் களமசேரியில் ஒரு சின்ன கம்பெனி எனக்காகப் பிடித்துவைத்திருந்த வேலை கிடைக்கும். இல்லையென்றால் பட்டமும் இல்லை, வேலையும் இல்லை. மட்டாஞ்சேரியிலிருந்து பஸ் மாறி கல்லூரிக்குப் போகும் வழியெல்லாம் நோட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தேன்.

கேள்வியைப் பார்த்ததும்தான் உயிர் வந்தது. ஒரு மாணவரின் பதிவு எண்ணையும் மார்க்கையும் ஒரு ஸ்ட்ரக்சரில் வாங்கி, அது மெமரியில் இருக்கும் விலாசத்தை, அதாவது அதன் பாயிண்டரை, திருப்பித் தரும் ஃபங்ஷன் எழுத வேண்டும். வீட்டில் பழைய கம்பைலரில் ஓட்டி ஓட்டித் தேய்த்த புரோகிராம்; லேப்பில் இருந்தது புதிய கம்பைலர், அவ்வளவுதான். மளமளவென்று அடித்தேன். வழக்கம்போல ஒரு வார்னிங் வந்தது. வார்னிங்தானே, எரர் இல்லையே என்று வழக்கம்போலத் தள்ளிவிட்டேன்.

ஓட்டினேன். செக்மென்டேஷன் ஃபால்ட் என்று காட்டிவிட்டுப் பாதியில் நின்றுவிட்டது. ஒரு எண்கூட விழவில்லை.

நட்சத்திரக் குறியைச் சேர்த்தேன், எடுத்தேன். அம்புக்குறி இருந்த இடத்தில் புள்ளி வைத்தேன். எதை மாற்றினேன் என்பதே பிறகு மறந்துவிட்டது. மற்றவர்கள் அவுட்புட்டைக் காட்டிவிட்டுச் சிரித்தபடி எழுந்து போனார்கள். அவர்களைப் பார்க்கவே பற்றிக்கொண்டு வந்தது.

எக்ஸாமினர் என் பின்னால் வந்து நின்று, இந்தப் பாயிண்டர் எதைக் காட்டுகிறது என்று மலையாளத்தில் கேட்டார். ஃபங்ஷனுக்குள் இருக்கும் ஸ்ட்ரக்சரை என்றேன். ஃபங்ஷன் முடிந்த பிறகு அது எங்கே இருக்கும் என்றார்.

அப்போதுதான் உறைத்தது. வீட்டைக் காலிசெய்துவிட்டுப் போனவரின் விலாசத்தை வைத்துக்கொண்டு கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். ஸ்ட்ரக்சருக்கு மெமரியில் தனியாக இடம் வாங்கியிருக்க வேண்டும். ஒரே ஒரு வரி. கை கீபோர்டுக்குப் போவதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்றார்கள். "சார், ப்ளீஸ் சார்" என்று கெஞ்சினேன். அவர் என் பேப்பரில் ஏதோ எழுதிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். அவுட்புட் இல்லாமல் யாரும் தேறியதில்லை.

வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் லேப்டாப்பைத் திறந்து அதே தப்பான புரோகிராமை ஓட்டினேன். பழைய கம்பைலரில் ஓடியது, பாவி! என் பதிவு எண்ணும், சோதித்துப் பார்க்க நானே போட்டுக்கொண்ட பெரிய மார்க்கும் வரிசையாக விழுந்தன.

கடையைச் சாத்திவிட்டு வந்த அப்பா என் தோளுக்கு மேலாகத் திரையை எட்டிப் பார்த்தார்.

"நல்ல மார்க்காச்சே மோளே, பின்னே ஏன் அழறே?"