தோக்கியே கேட்ட மன்னிப்பு

போலீஸ் வந்து போன வீடு தெருவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். எங்கள் ஊரில் அது வாசல் பெருக்குவது மாதிரி. யார் என்ன செய்தார்கள் என்பதெல்லாம் பிறகு.

கூரைக்கு ஓடு வேய்கிற இவாசோவைப் பிடித்துக்கொண்டு போன அன்று, அவன் மனைவி தோக்கியே கறுப்புக் கிமோனோவை உடுத்திக்கொண்டு வீடு வீடாகப் போனாள். மீன்கடை, பொதுக் குளியல்கூடம், தையற்காரர் வீடு. கடைசியாக, கொலையான மதுக்கடைக்காரர் ஹதானோவின் வீடு. அவர் மனைவி ஷிகேயின் முன்னால் நெற்றி தரையில் படக் குனிந்தாள்.

"எங்களால உங்களுக்குத் தொந்தரவு. மன்னிச்சிடுங்க."

எல்லா வாசலிலும் சொன்ன அதே வார்த்தைகள்.

ஸ்டேஷனில் இவாசோவைத் தூங்க விடவில்லை. படுக்க விட்டால் போதுமென்று ஒப்புக்கொண்டு கைநாட்டு வைத்தான். கோர்ட்டில் மறுத்தான். ஷிகேயைக் கூண்டில் ஏற்றினார்கள். தோக்கியே தன் வீட்டுக்கு வந்து குனிந்து மன்னிப்புக் கேட்டதை அவள் நடந்தபடி சொன்னாள்.

"செய்யாதவன் மனைவி எதற்கு மன்னிப்புக் கேட்டாள்?" என்றார் அரசு வக்கீல். அவர் வீட்டுக்குப் போலீஸ் போயிருந்தால் அவர் மனைவியும் குனிந்திருப்பாள். நீதிபதியின் மனைவியும்தான்.

தூக்கு என்று தீர்ப்பானது.

மேல்முறையீடுகள் தோற்றன. தோக்கியேவுக்குத் தலை நரைத்தது. தூக்கிலிடும் நாளை வீட்டுக்கு முன்கூட்டிச் சொல்வதில்லை. முடிந்த பிறகு உடலை வாங்கிக்கொள்ளச் சொல்வார்கள். காலையில் யாராவது கதவைத் தட்டினால் அவள் மூச்சுக் காட்டமாட்டாள். தெரிந்தவர்கள் முதலில் தங்கள் பெயரைக் கூவிவிட்டுத்தான் தட்டினார்கள்.

மறுவிசாரணைக்கு மனுப்போட்ட வக்கீல் குரோய்வா, அன்று தோக்கியே உங்கள் வாசலுக்கும் வந்தாளா என்று தெருவில் கேட்டுப் பார்த்தார். ஞாபகமில்லை என்றார்கள். மீன்கடைக்காரர் மீனுக்குச் செதிலெடுத்துக்கொண்டே இருந்தார்.

"எல்லார் வீட்லயும் மன்னிப்புக் கேட்டீங்கன்னு ஷிகே அம்மா ஒரு வார்த்தை சொன்னாப் போதும்மா. போய்க் கேளுங்க. அங்க மட்டும் குனிஞ்சிடாதீங்க" என்றார் வக்கீல் தோக்கியேவிடம்.

தோக்கியே போனாள். நிமிர்ந்து நின்றாள்.

"என்ன, முதுகு பிடிச்சுக்கிச்சா?" என்றாள் ஷிகே.

"அன்னைக்கு நான் குளியல்கூடத்து வாசல்லயும் விழுந்தேன், ஷிகே அம்மா. அங்க யாரு செத்தா?"

ஷிகே ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

"தெரியும். நீ தெருக்கோடியிலேருந்து ஒவ்வொரு வாசலா வந்ததை ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

"அதைச் சொல்லுங்க. அவரு உயிரோட வந்துடுவாரு."

"கோர்ட்ல அதை யாரும் கேக்கல. இப்பப் போய்ச் சொன்னா, என் வீட்டுக்காரரைக் கொன்னது யாருன்னு நான் முதல்லேருந்து யோசிக்கணும். இத்தனை வருஷம் உன் புருஷனைத் திட்டித்தான் விளக்கேத்தினேன். என்னால ஆகாது, தோக்கியே. போயிடு."

கதவை இழுத்துச் சாத்தினாள்.

தோக்கியே படியிறங்கத் திரும்பினாள். ஒரு வீட்டிலிருந்து அப்படியே இறங்கிப் போக அவளுக்குத் தெரியவில்லை. மறுபடி திரும்பி, சாத்திய கதவைப் பார்த்து இடுப்பு மடியக் குனிந்தாள்.

"தொந்தரவு கொடுத்துட்டேன். மன்னிச்சிடுங்க."

நிமிர்ந்தபோது எதிரே தையற்காரர் மனைவி துணி உலர்த்துவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.